கரையேறும் படகில் எக்கோவை எங்கே பொருத்துவது?

எக்கோ சவுண்டர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு திரை, நீண்ட கம்பி முளைத்த கறுப்புக் கட்டி ஒன்று, அதை எப்படிப் பொருத்துவது என்று படம் போட்ட தாள் ஒன்று இருக்கும். அந்தக் கறுப்புக் கட்டிதான் டிரான்ஸ்டியூசர். ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்புவதும், திரும்பி வருகிற எதிரொலியைக் கேட்பதும் அதன் வேலை. திரை அதை வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். தாளில் இருக்கும் படகைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நேரான பின்பலகை, அதில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின், வழவழப்பான அடிப்பாகம். சிமெண்டுச் சரிவில் டிரெய்லரோடு இறங்கி, அதே டிரெய்லரில் ஏறி வீட்டுக் கொட்டகைக்குப் போகும் படகு அது. அதன் அடி மணலைத் தொடுவதே இல்லை.

சோழமண்டலக் கரையில் துறைமுக வசதி இல்லாத ஊர்களிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் திறந்த கரைகளிலும் ஓடுகிற ஃபைபர் படகின் வாழ்க்கை வேறு. அலை முறிகிற இடத்துக்கு வெளியே நின்று நேரம் பார்க்கிறது. இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே வேகம் எடுத்து வந்து மணலில் மோதி ஏறுகிறது. பிறகு ஆட்கள் தோள் கொடுத்தோ டிராக்டர் கட்டியோ மேட்டுக்கு இழுக்கிறார்கள். மறுநாள் விடிவதற்குள் அதே மணலில் தள்ளிக்கொண்டு மீண்டும் கடலுக்குள். அடிப்பாகத்தில் ஒரு விரல் அளவுக்கு எது நீட்டிக்கொண்டிருந்தாலும் இந்தப் போக்குவரத்து அதைச் சும்மா விடாது. டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது என்று கேட்டால் எல்லோரும் நடுக்கடலை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறார்கள். நம் கரையில் அந்தப் பதிலைத் தீர்மானிப்பது படகு மணலேறும் கடைசி ஐம்பது அடி என்பது என் கட்சி.

முதலில் ஒலியைப் பற்றிக் கொஞ்சம். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப அதற்கு நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் போதும். அந்த இடைவெளியை அளந்துதான் கருவி ஆழம் சொல்கிறது. சிறு படகுக் கருவிகள் பெரும்பாலும் 50, 200 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன; புதியவை ஒரே துடிப்பில் ஒரு நீண்ட அலைவரிசையையே வாரி அனுப்புகின்றன. 200-இன் கூம்பு குறுகலானது, படம் துல்லியமாக இருக்கும். 50-இன் கூம்பு அகலம், ஆழமும் அதிகம் போகும். 20 பாகைக் கூம்பு 30 மீட்டர் ஆழத்துத் தரையில் பத்தரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். படகைச் சுற்றியுள்ள கடலை எல்லாம் எக்கோ காட்டுகிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்த ஒலிக்கு ஒரே எதிரி காற்று. தண்ணீரில் ஓடும் ஒலி காற்றைச் சந்தித்தால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும், உள்ளே நுழையாது. மீனைக் கருவி காண்பதே பெரும்பாலும் இதனால்தான்: மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் பலமான எதிரொலி தருகிறது. அதே காற்று டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு முன்னால் குமிழியாக வந்து நின்றால் கடல் முழுவதும் திரையிலிருந்து மறைந்துபோகும். ஆகவே பொருத்தும் கலை என்பது முகத்துக்கும் கடல்நீருக்கும் நடுவில் காற்று வராமல் பார்த்துக்கொள்வதே. புரொப்பல்லர் கிளப்பும் நுரை, அணியம் அலையை வெட்டும்போது அடிக்குக் கீழே உருண்டு வரும் குமிழி, பசைக்குள் சிக்கிய காற்று, மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று, அடித்தளத்துக்குள் அடைத்த தெர்மோகோல் எல்லாம் இந்த ஒரே குற்றத்தின் வெவ்வேறு முகங்கள்.

இந்தக் கருவி பிறந்த வரலாறும் பொருத்தும் விதத்தை விளக்குகிறது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு பனிமலையை முன்கூட்டி அறிய வழி தேடியவர்களில் ஒருவரான ரெஜினால்டு ஃபெசண்டன், 1914-இல் வட அட்லாண்டிக்கில் பனிமலையின் எதிரொலியோடு கடல்தரையின் எதிரொலியையும் கேட்டார். நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லோஃபோடன் தீவுப் பகுதியில் காட் மீன் கூட்டத்தை எதிரொலிப் பதிவில் கண்டு 1935-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1948-இல் நாகசாகியின் ஃபுருனோ சகோதரர்கள் மீன் காட்டும் கருவியை வணிகமாக்கினார்கள். இவையெல்லாம் பெரிய கலங்களின் கதை. அடியில் துளை போட்டு டிரான்ஸ்டியூசரை நிரந்தரமாகப் பதித்துவிடலாம், அந்தக் கலம் கரையேறப் போவதில்லை. சின்னப் படகுக்கு எக்கோ வந்தது அமெரிக்க ஏரிகளில். 1950-களின் கடைசியில் லோரன்ஸ் நிறுவனம் கையில் தூக்கிப் போகும் பெட்டியாக அதைச் செய்தது, பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்காக. இன்று நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சிறு கருவிகளின் பொருத்தும் தாள் அந்த ஏரிப் படகின் வாரிசு. தாளில் தவறில்லை, அது எழுதப்பட்ட படகு வேறு.

தாள் முதலில் சொல்வது பின்பலகையில் தொங்கவிடுவது. ஒரு தகட்டை அமரத்தின் வெளிப்பக்கம் திருகி, டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே வருமாறு வைக்கச் சொல்வார்கள். அலுமினியப் படகானால் 10 மில்லிமீட்டர். புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கம் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் இலைகள் கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. புரொப்பல்லரின் சுழல்வட்டத்திலிருந்து குறைந்தது 75 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் பொது விதி. அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்குப் பின்னாலும், தண்ணீர் உறிஞ்சும் துளைகளுக்குப் பின்னாலும் வைக்கவே கூடாது, அவை குமிழியை நேராக முகத்தில் கொண்டுவந்து கொட்டும். சரியாகப் பொருத்தினால் வேகத்திலும் தெளிவாகக் காட்டும் முறை இது. துளைகளும் பின்பலகையில் சிறிய திருகுத் துளைகள்தான், அடியில் ஓட்டை இல்லை.

நம் படகில் இதற்கு இரண்டு வில்லங்கம். வால் நீண்ட டீசல் எஞ்சின் உள்ள படகில் புரொப்பல்லர் அமரத்தைத் தாண்டி வெகுதூரம் பின்னால் சுற்றுகிறது. நுரை அங்கேயே கிளம்பி அங்கேயே பின்தங்கிவிடும். அந்த வகையில் அவுட்போர்டைவிட இது எக்கோவுக்கு நல்லது என்றே சொல்வேன். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் படகைத் திருப்ப அந்த நீண்ட தண்டையே இடமும் வலமும் வீச வேண்டும், கரையில் தூக்க வேண்டும், கடலில் இறக்க வேண்டும். பின்பலகையின் கீழ் விளிம்பில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் கட்டி அந்த வீச்சுக்குள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? இரண்டாவது, மணல். படகைத் தள்ளிக் கடலில் இறக்கும்போது அலை அணியத்தைத் தூக்கும், அமரம் தரையில் குத்தும். மேட்டில் இழுக்கும்போதும் கடைசியில் உரசுவது அமரம்தான். இடித்தால் மேலே மடங்கிக்கொள்ளும் தாங்கிகள் உண்டு. அவை மிதக்கும் மரக்கட்டையில் இடிப்பதற்காகச் செய்தவை. மடங்கும் மூட்டில் ஈரமணல் புகுந்து இறுகிப் போனால் மடங்காது, உடையும். துறைமுகத்திலோ கழிமுகத்திலோ மிதந்தபடியே கட்டிக் கிடக்கும் படகானால் பின்பலகைதான் சரியான இடம். மணலில் ஏறும் படகுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கரையேறும் படகில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பிரச்சினைதான் என்பது எக்கோவோடு வந்த ஞானம் அல்ல. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கியபோது, அலையில் ஏறும் படகுக்கு எஞ்சின் பொருத்துவதே அதன் பெரிய தலைவலிகளில் ஒன்றாக இருந்தது. படகு செய்துவிடலாம், புரொப்பல்லரை மணலிலிருந்து எப்படிக் காப்பது? எஞ்சினையும் தண்டையும் சேர்த்தே சாய்த்துத் தூக்கும் அமைப்பை அவர்கள் உருவாக்கிப் பார்த்தார்கள். பிறகு கரையெங்கும் பரவிய வால் எஞ்சினும் அதே கேள்விக்கு இன்னும் மலிவான விடை: கரை வந்ததும் வாலைத் தூக்கிவிடு. டிரான்ஸ்டியூசருக்கும் வழி இரண்டே. ஒன்று வெளியே வராமல் படகுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், அல்லது புரொப்பல்லரைப் போலத் தூக்கிவிட முடிய வேண்டும்.

உள்ளே வைக்கும் வழியைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் செய்து கைவிட்டதும் அதுதான், சரியாகச் செய்தால் பல ஆண்டு நிற்பதும் அதுதான். கண்ணாடி இழையும் ரெசினும் மட்டும் சேர்ந்த கெட்டியான ஒற்றைத் தகட்டின் வழியாக ஒலி போய்வரும். போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம் என்று இழப்பு உண்டு. இருந்தாலும் கரையோரக் கடலின் ஆழத்துக்கு அது பெரிய குறையில்லை. மரத்தில் இது நடக்காது. மரத்துக்குள் காற்று இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து பிளைவுட் வள்ளத்துக்கு மேலே ஃபைபர் பூசியிருந்தாலும் உள்ளே இருப்பது மரம்தான். இரும்பும் அலுமினியமும் ஆகாது. நடுவில் நுரையோ மெல்லிய மரமோ வைத்து இருபுறமும் ஃபைபர் பூசிய தகடும் ஆகாது.

நம் ஃபைபர் படகில் மாட்டிக்கொள்கிற இடம் வேறு. பல படகுகளில் அடித்தகட்டுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் தெர்மோகோலோ நுரையோ அடைத்திருக்கிறார்கள், படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க. உயிர் காக்கும் ஏற்பாடு அது. எக்கோவுக்கு அதுவே சுவர். டிரான்ஸ்டியூசரை மேல்தளத்தில் ஒட்டிவிட்டு ‘கருவி வேலை செய்யவில்லை’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது அடிக்கடி நடக்கிற சங்கதி. அடித்தகடு நேராகத் தெரிகிற இடம் வேண்டும். பெரும்பாலும் அது அமரத்தை ஒட்டிய தண்ணீர் தேங்கும் குழிதான். அங்கே இடமில்லை என்றால் தளத்தில் சிறு சன்னல் வெட்டி, நுரையை எடுத்து, வெட்டிய ஓரங்களை மீண்டும் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் போட்டு மூட வேண்டும். மூடாமல் விட்டால் மற்ற நுரையெல்லாம் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். படகின் மிதக்கும் திறன் போகிற வேலை இது. கைதேர்ந்த ஃபைபர் பட்டறைக்காரர் செய்யட்டும், எக்கோ விற்ற கடைப் பையன் வேண்டாம்.

இடம் பிடித்தபின் ஒட்டுவதற்கு முன் சோதனை. ஒட்டாமல் சோதிப்பது எளிது. குழியில் நான்கு விரல் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் முகம் குப்புற வைத்து, படகைக் கடலில் விட்டு, வழக்கமாகத் தொழில் செய்யும் ஆழத்தில் நிறுத்த வேண்டும். திரையில் வருகிற தரைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு, அதே டிரான்ஸ்டியூசரை எடுத்துப் பக்கவாட்டில் கடலுக்குள்ளேயே தொங்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் அந்த இடம் நல்ல இடம். உள்ளே வைத்தபோது தரைக்கோடு மங்கினால் ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்க்கலாம். ஃபைபர் தகடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. மேட் அடுக்கும்போது உருளையால் சரியாக அழுத்தாத இடத்தில் காற்று உறைந்து நிற்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டித் தள்ளிய படகுகளின் தரம் பற்றி அப்போதே கவலை எழுந்தது நினைவிருக்கலாம். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் கெட்டியான இடம் கணீர் என்னும், அடுக்கு விட்ட இடம் மத்தளம் போலச் செத்து ஒலிக்கும்.

ஒட்டுவதற்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பசை, அதுவும் மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம். குமிழி மேலே வந்து உடைய அவகாசம் தராது. கையால் பிசையும் சீல் வகைப் பசையும் வேண்டாம், பிசையப் பிசையக் காற்று உள்ளே போகும். பெயிண்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காயவிட வேண்டும். பசையை அடித்துக் கலக்காமல் மெல்லக் கிளற வேண்டும். நம் ஊர் வெயிலில் பசை சீக்கிரம் இறுகும் என்பதால் விடியற்காலையில் செய்வது உத்தமம். டிரான்ஸ்டியூசரை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் பிறகு மெதுவாகத் திருகி அழுத்தினால் அடியில் இருக்கும் குமிழி ஓரமாக வெளியேறும். மேலே ஒரு மணல் பை வைத்து ஒருநாள் விட்டுவிடலாம்.

சாய்வு என்று ஒரு சிக்கல் இன்னும் மிச்சம். படகின் அடி தட்டையாக இல்லை. நடுவில் நீளவாக்கில் ஓடும் ஏராவிலிருந்து இருபுறமும் சரிந்து ஏறுகிறது. சரிவில் ஒட்டினால் கூம்பும் சரிந்து பக்கவாட்டில் பார்க்கும். 10 பாகை சாய்ந்தால் 30 மீட்டர் ஆழத்தில் கூம்பின் நடு ஐந்து மீட்டருக்கு மேல் விலகிவிடும். கடலடிப் பாறைத்திட்டான பாரில் கலவாவையும் விளமீனையும் தேடித் தூண்டில் இறக்குகிறவருக்கு ஐந்து மீட்டர் என்பது பாருக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம். இதற்குத் தீர்வு, பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைப் படகின் சரிவுக்கேற்ப அடியில் வெட்டித் தகட்டில் ஒட்டி, குழாய்க்குள் ஒரு திரவத்தை நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் நேர்க்குத்தாகத் தொங்கவிடுவது. ஏர்மார் போன்ற நிறுவனங்கள் இதே தத்துவத்தில் தயார்க் குடுவைகள் விற்கின்றன. அவற்றில் புரொப்பிலீன் கிளைகால் ஊற்றச் சொல்கிறார்கள். வீட்டு ஆமணக்கெண்ணெயும் இதற்கு உதவும். அதில் ஒலி ஓடும் வேகம் தண்ணீரில் ஓடுவதற்கு வெகு அருகில் இருப்பதால் கடற்படைகளின் சோனார்க் கருவிகளுக்குள்ளேயே ஆமணக்கெண்ணெய் அடைத்த வழக்கம் உண்டு. நீர்மட்டத்துக்கு நேராக நிறுத்த வேண்டும் என்பார்கள். எந்த நீர்மட்டம்? வலை, பனிக்கட்டி, ஆட்கள் எல்லாம் ஏறியபின் படகு உட்காரும் மட்டம். மணலில் நிற்கும் படகில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது வீண்.

குழாய் முறையில் ஒரு கூடுதல் லாபம், டிரான்ஸ்டியூசரை வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். எபாக்சியில் ஒட்டியது படகோடு போய்விடும். இரவெல்லாம் திறந்த கரையில் கிடக்கும் படகிலிருந்து, திருட்டுக்குப் பயந்து திரையை வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். வெளியே தெரியாத டிரான்ஸ்டியூசரைப் பற்றிக் கவலை இல்லை.

உள்ளே வைப்பதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் வசதி பயனற்றுப் போகும், அது படகின் அடிச் சூட்டையே சொல்லும். புகைப்படம் போலத் தரையைக் காட்டும் 455, 800 கிலோஹெர்ட்ஸ் கருவிகள் ஃபைபரை ஊடுருவ மாட்டா. அந்த வகைக் கருவி வாங்கிவிட்டு உள்ளே ஒட்டினால் பாதிக் காசு கடலில் போட்ட மாதிரி. கருவி வாங்குவதற்கு முன்பே பொருத்தும் இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கடையில் திரை அங்குலத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். கேட்க வேண்டியது டிரான்ஸ்டியூசர் எது, அது ஃபைபர் வழியாகப் பார்க்குமா என்பது.

அடியில் துளை போட்டுப் பதிப்பது விசைப்படகின் வழி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவை பழுதுபார்க்கக் கரையேறும்போது இந்த வேலை நடக்கும். மரக் கலத்துக்கு வெண்கலக் கூடு வேண்டும். பிளாஸ்டிக் கூட்டை மரம் ஊறிப் பருத்து நெரித்துவிடும். அலுமினியத்தில் வெண்கலம் வைத்தால் அலுமினியம் அரித்துப்போகும். பாசி தடுக்கும் பெயிண்டை முகத்தில் அடிப்பதானால் தண்ணீரில் கரைக்கும் வகைதான், தின்னர் கலந்தது முகத்தைக் கெடுக்கும். மணலேறும் படகின் அடியில் துளை போடுவதைப் பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை.

தூக்கிவிடும் வழிக்கு வருவோம். படகின் பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் கால்மாட்டில் டிரான்ஸ்டியூசர், தலைமாட்டில் ஒரு கீல். தொழில் செய்யும் இடத்துக்குப் போனதும் இறக்கிக் கட்டுவது, கிளம்பும்போது மடக்கித் தூக்குவது. ஏதாவது வெல்டிங் பட்டறையில் அரைநாளில் செய்துவிடலாம். ஒலிக்கு நடுவே ஃபைபர் இல்லை, எந்த அலைவரிசையும் வேலை செய்யும், சாய்வைக் கையாலேயே சரிசெய்யலாம். பிளைவுட் வள்ளத்துக்கும் ஃபைபர் கட்டுமரத்துக்கும் வேறு கதி இல்லை. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாதே. பாரின் மேல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கும், கணவாய்க்குத் தூண்டில் ஆட்டுகிறவர்களுக்கும், செயற்கைப் பாறைகளைத் தேடிப் போகிறவர்களுக்கும் இதுவே முதல் தரம் என்று எண்ணுகிறேன், அவர்களுக்கு எக்கோ வேண்டியிருப்பது படகு மெல்ல ஊரும்போதோ நிற்கும்போதோதான்.

ஓடும்போது அது உதவாது. வேகம் கூடினால் குழாய் அதிரும், அதைச் சுற்றி நுரை கட்டும், திரையில் மழை பெய்யும். கூட்டமாக ஓடும் சாளையையும் நெத்திலியையும் தேடிக் கடலைச் சுற்றுகிறவருக்கு இந்தக் குழாய் ஒரு தொல்லை. வலை வாங்கும் பக்கத்தில் அதை வைத்தால் வலை சிக்கும். எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். படகு உருளும்போது முகம் தண்ணீருக்கு வெளியே வராத அளவு ஆழம் வேண்டும். இறக்கியதை மறந்து கரைக்கு வந்துவிடுகிற நாளும் வரத்தான் செய்யும். அதற்காகக் கீலில் இரும்பு போல்ட்டுக்குப் பதிலாக ஒரு மூங்கில் ஆணி போடுவது நல்ல யோசனை. அடிபட்டால் ஆணி முறியும், குழாய் பின்னால் மடங்கும், டிரான்ஸ்டியூசர் தப்பும். கம்பியைக் குழாய்க்குள்ளேயே விட்டு, மேலே கொஞ்சம் தளர்வாகச் சுருட்டி வைக்க வேண்டும்.

பாக் நீரிணைப் பகுதிக்கு இந்த வாதமெல்லாம் அதிகம் ஒட்டாது. அங்கே பெரிய அலை முறிவு கிடையாது, படகுகள் ஆழமற்ற தண்ணீரில் மிதந்தபடி நிற்கின்றன. பின்பலகைப் பொருத்தம் தாங்கும். ஆனால் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்கு உட்பட்ட கடல் அது. 8 மீட்டர் ஆழத்தில் 20 பாகைக் கூம்பு மூன்று மீட்டர் வட்டத்தைக்கூடப் பார்க்காது. மீன் தேட அது போதாது. தரை சேறா, கடற்புல்லா, கல்லா என்று அறியவும், மேடு தட்டாமல் ஓட்டவும் உதவும். அந்தக் காரியத்துக்கு விலை குறைந்த ஆழமானியே போதும் என்பேன்.

மின்கம்பி விஷயத்தில் நம்மவர் செய்யும் ஒரு வேலையைத் தவிர்க்க வேண்டும்: நீளமாக இருக்கிறதென்று டிரான்ஸ்டியூசர் கம்பியை வெட்டி முடிச்சுப் போடுவது. மிச்சத்தைச் சுருட்டிக் கட்டலாம், வெட்டக் கூடாது. வெட்டு வழியாக ஈரமும் இரைச்சலும் நுழையும். மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டின் தீப்பொறி திரையில் கோடு கோடாக விழும், ஆகவே அதன் கம்பிகளோடு எக்கோ கம்பியைச் சேர்த்துக் கட்டக் கூடாது. டீசலில் தீப்பொறி இல்லை, ஆனால் அதிர்வு அதிகம், இணைப்புகள் தளரும். கையால் சுற்றி முடுக்கும் எஞ்சினில் பேட்டரி சார்ஜ் ஏற வழியும் இருக்காது. சிறு கருவி ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும், 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்றைக் கரையில் ஏற்றிக்கொண்டு போனால் ஒருநாள் தொழிலுக்குக் காணும்.

எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் சில மீன்கள் திரையில் மங்கலாகத்தான் வரும். வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை இல்லை. சூரையில் சில வகைகளுக்கும் இல்லை, சுறாவுக்கும் கணவாய்க்கும் இல்லை. பத்துக் கிலோ வஞ்சிரத்தைவிடக் காற்றுப்பை உள்ள சிறு மீன் கூட்டம் பளிச்சென்று தெரியும். வஞ்சிரம் காட்டவில்லை என்று டிரான்ஸ்டியூசரைப் பிடுங்கி இடம் மாற்றுகிறவர்கள் கருவியின் மேல் பழி போடுகிறார்கள். அது காட்டுகிற இரை மீன் கூட்டத்தைப் பார்த்து வஞ்சிரம் எங்கே நிற்கும் என்று ஊகிப்பது தொழில்காரரின் வேலை, எக்கோ வருவதற்கு முன்பும் அது அவர் வேலைதான்.

பொருத்தியபின் ஒருமுறை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரு கை விரித்த நீளமான பாகக் கணக்கில் ஆழம் பார்த்துத் திரையோடு ஒப்பிட வேண்டும். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் திரை அந்த அளவு குறைத்தே சொல்லும். அரை மீட்டர் கீழே இருந்தால் அரை மீட்டரைக் கருவியின் அமைப்பில் கூட்டிக் கொடுத்துவிடலாம். வித்தியாசம் 5 பாகத்திலும் 20 பாகத்திலும் ஒரே அளவாக இருந்தால் அது இந்தக் கழிவுதான், கூட்டினால் தீர்ந்தது. ஆழம் கூடக் கூட வித்தியாசமும் கூடினால், ஒன்று நீரோட்டம் கயிற்றைச் சரித்திருக்கிறது, இல்லையேல் டிரான்ஸ்டியூசர் சாய்ந்திருக்கிறது. ஓட்டம் நின்ற நேரம் பார்த்து இன்னொரு முறை குண்டை இறக்கினால் எது என்று தெரிந்துவிடும்.